பார்க்காமல் எழுதிய எண்கள்

வென்டிலேட்டரில் இருந்த ஒரு நோயாளியின் சார்ட்டில், நான் பார்க்காத எண்களைப் பார்த்ததாக எழுதினேன். கை தவறி எழுதியதல்ல. தெரிந்தே எழுதினேன். அந்த எண்களை நம்பி மறுநாள் காலையில் ஒரு டாக்டர் முடிவெடுத்தார். நோயாளி பிழைத்துக்கொண்டார். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் நான், இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். கில்லன் பாரே நோய். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போன பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கத் தொடங்கிவிடும். 1916ல் பிரெஞ்சு மருத்துவர்கள் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் விவரித்த நோய் இது. காலில் ஆரம்பிக்கும் பலவீனம் மேலே ஏறி, கை, முகம், விழுங்கும் தசை என்று பரவி மூச்சுத் தசைக்கு வந்து சேரும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும். நுரையீரலில் கோளாறு இருக்காது, அதை விரிக்கும் தசைக்குத்தான் தெம்பு இருக்காது. நினைவும் முழுத் தெளிவாக இருக்கும். வாயில் டியூப் இருப்பதால் பேச முடியாது. கை அசையாததால் எழுதிக் காட்டவும் முடியாது. அந்த அம்மாவால் கண்ணை மட்டும்தான் அசைக்க முடிந்தது. மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று அவரும் நாங்களும் பழகி வைத்திருந்தோம்.

இப்படி இருப்பவரை மணிக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். டியூப் உதட்டோரம் எத்தனை சென்டிமீட்டர் குறியில் நிற்கிறது, அதைச் சுற்றியுள்ள காற்றுப் பையின் (கஃப்) அழுத்தம் 20க்கும் 30க்கும் நடுவே இருக்கிறதா, தலைமாடு 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கிறதா, நெஞ்சு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா, சளி எப்படி வருகிறது, ஹியூமிடிஃபையரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கு வழியாகப் போகும் காற்று தானாகவே ஈரமாகிவிடும். டியூப் வழியாகப் போகும் காற்றை நாம்தான் ஈரப்படுத்தித் தர வேண்டும். தண்ணீர் தீர்ந்துபோனால் சளி உலர்ந்து டியூபின் உள்சுவரில் பொருக்காக ஒட்டிக்கொள்ளும்.

பிறகு மெஷினின் எண்கள். அந்த அம்மாவுக்கு வைத்திருந்தது பிரஷர் கண்ட்ரோல் முறை. இவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ளு என்று மெஷினிடம் சொல்கிறோம். எவ்வளவு காற்று உள்ளே போகும் என்பது வழியைப் பொறுத்தது. டியூப் குறுகினாலும் திரையில் அழுத்தத்தின் எண் அப்படியேதான் நிற்கும். குறைவது ஒவ்வொரு மூச்சுக்கும் திரும்பி வரும் காற்றின் அளவு, அதாவது டைடல் வால்யூம். அவர் உயரத்துக்குக் கணக்கிட்ட எடை 50 கிலோ. ஒரு மூச்சுக்கு 400 மில்லி, நிமிடத்துக்கு 14 மூச்சு, ஆக 5.6 லிட்டர், அதுதான் மினிட் வால்யூம். இந்த முறையில் மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் அந்த 400 அப்படியே இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இது எனக்குத் தெரியும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்த பாடம் அது.

அன்று இரவு எனக்கு இரண்டு நோயாளிகள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு செவிலியர் என்பதே சரியான கணக்கு. இன்னொரு படுக்கையில் இருந்த பெரியவருக்கு ரத்தத்தில் கிருமி பரவி பிபி நிற்கவில்லை. பிபியைத் தூக்கும் நார்அட்ரினலினை ஏற்றுவதும் இறக்குவதுமாக அவர் பக்கத்திலேயே இருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது என்பதால் சொல்கிறேன். இதை வைத்து நான் தப்பிக்க முடியாது. இரண்டு படுக்கைக்கும் இடையே சில எட்டுகள்தான் தூரம். வென்டிலேட்டர் திரையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நள்ளிரவுக்குப் பிறகு அந்த ஒரு நிமிடத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

நள்ளிரவில் அவருக்கு சக்ஷன் போட்டேன், டியூபுக்குள் கதீட்டரை இறக்கிச் சளியை உறிஞ்சுவது அது. கதீட்டர் இறங்கும்போது லேசாகத் தட்டியது. அந்தத் தட்டலை என் விரல்கள் உணர்ந்தன. கொஞ்சமாகத்தான் சளி வந்தது, அதுவும் பசைபோல வந்தது. உள்ளே இருப்பது உலர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. ஹியூமிடிஃபையரை ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் தொங்கும் தண்ணீர் பாட்டில் காலியாகியிருப்பது தெரிந்திருக்கும். நான் "சளி குறைவு" என்று எழுதினேன். ஹியூமிடிஃபையர் கட்டத்தில் டிக் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மினிட் வால்யூம் குறைகிறது என்று அலாரம் அடித்தது. சக்ஷன் போட்ட பிறகு சிறிது நேரம் அப்படித்தான் அடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறுத்தினேன். மறுபடி அடித்தது. பக்கத்துப் படுக்கையில் கை வேலையாக இருந்தபோது மூன்றாவது முறையும் அடிக்க, போய் எல்லையை 4 லிட்டரிலிருந்து 2 லிட்டருக்கு இறக்கினேன். டைடல் வால்யூமின் எல்லையையும் கூடவே இறக்கினேன். அலாரம் அடங்கியது. ஏன் குறைகிறது என்று கேட்கவில்லை. சத்தம் நின்றதே போதும் என்றிருந்தது.

அலாரங்கள் எங்களை மரத்துப்போகச் செய்வது உண்மைதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில், 77 தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் ஒரே மாதத்தில் 25 லட்சத்துக்கும் மேல் அலாரங்கள் பதிவாயின என்று 2014ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் காதில் விழும் அலாரம் மட்டும் 187. இதயத் துடிப்புக் கோளாறு என்று அடித்தவற்றில் ஆராய்ந்து பார்த்தவை பெரும்பாலும் வெற்று எச்சரிக்கைகள். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். ஆனால் அன்று அடித்த அலாரம் உண்மையைச் சொன்னது. காது மரத்துப்போனதால் அதைத் தவறவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நன்றாகக் கேட்டது. எழுந்து போய், யோசித்து, கையால் எல்லையை மாற்றி அதன் வாயை அடைத்தேன்.

இரண்டு மணிக்கு மேல் அந்த அம்மாவின் இதயத் துடிப்பு 130ஐத் தொட்டது. பிபி 170க்கு ஏறியது. மானிட்டர் சொன்னதால் போனேன். நெற்றி வியர்த்து முடி ஒட்டியிருந்தது. கண்கள் அகலத் திறந்து என்னையே பார்த்தன. கில்லன் பாரே நோயில் பிபி ஏறி இறங்கும், காரணமில்லாமல் துடிப்பு கூடும், வியர்க்கும். தானியங்கி நரம்புகளும் பாதிக்கப்படுவதால் வருவது அது. அதுதான் என்று முடிவு கட்டினேன். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான ஸாச்சுரேஷன் 99 என்று காட்டியது, அதற்கு மேல் என்ன வேண்டும்?

"வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். கீழே பார்த்தார். "தூக்கம் வரலையா?" மறுபடியும் கீழே பார்த்தார். "பயமா இருக்கா?" மேலே பார்த்தார். "நான் இங்கதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று எழுதி வைத்திருந்த மிடாசோலம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தேன். மூச்சு முட்டுகிறதா என்று மட்டும் கேட்கவில்லை. வென்டிலேட்டரில் இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. என் கையில் மருந்து இருந்த கேள்விகளை மட்டுமே கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கண் மூடினார். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் மனிதர் இப்படித்தான் முதலில் பதறுவார், வியர்ப்பார், பிறகு மயங்குவார். தூக்கமும் அந்த மயக்கமும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை நான் அந்தப் படுக்கைக்குப் போகவில்லை. நர்ஸ் ஸ்டேஷனில் இருக்கும் திரையில் அவருடைய துடிப்பும் பிபியும் ஸாச்சுரேஷனும் தெரியும், வென்டிலேட்டர் எண்கள் தெரியாது. ஸாச்சுரேஷன் 99லேயே நின்றது. ஆறு மணிக்குமேல் உட்கார்ந்து நான்கு மணி நேரத்துக்கான கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பினேன். டைடல் வால்யூம் 400, 396, 405, 402. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினால் பார்க்காமல் எழுதியது தெரிந்துவிடும் என்று மாற்றி மாற்றி எழுதினேன். என்னை மிகவும் வெட்கப்பட வைப்பது இந்த இடம்தான். அசதியில் ஒரு கட்டத்தை மறந்திருந்தால் அது வேறு. உண்மைபோலத் தெரிய வேண்டும் என்று நான் கவனமாக யோசித்து எழுதினேன். அவ்வளவு கவனம் எனக்கு இருந்தது. அதை அவருக்குக் கொடுக்காமல் காகிதத்துக்குக் கொடுத்தேன்.

காலை டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் சார்ட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னால் நோயாளியின் நெஞ்சில் கை வைப்பவர். வைத்தவுடனே "நெஞ்சே ஏறலையே" என்றார். திரையில் டைடல் வால்யூம் 210. கூப்பிட்டு எழுப்பினால் விழிக்கவில்லை. டியூட்டி டாக்டர் ஓடி வந்து சார்ட்டைப் பார்த்தார். "ஆறு மணிக்கு 402 வந்திருக்கு. திடீர்னு என்ன ஆச்சு?" என்றார். வென்டிலேட்டரைக் கழற்றி கையால் அழுத்தும் அம்பு பேக்கால் மூச்சுக் கொடுத்தார், பேக் கல்லாக இருந்தது. திடீரென்று இப்படி ஆனால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து அழுத்துகிறதா என்று சந்தேகிப்பது மருத்துவத்தில் நியாயம். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நெஞ்சில் ஊசி போடத் தயாராக வைக்கச் சொன்னார்.

அவர் அந்தத் திசையில் போனதற்குக் காரணம் 402 என்ற எண். அந்த எண் என் கற்பனை. நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "டாக்டர், அந்த நம்பர் நான் பார்த்து எழுதினதில்ல. எப்ப இருந்து குறையுதுன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். மெல்ல மெல்லக் குறைந்திருக்கலாம் என்று தெரிந்திருந்தால் அவர் முதலில் டியூபைத்தான் சந்தேகித்திருப்பார். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. நோயாளியின் உயிர் ஒரு பக்கம், என் பெயர் ஒரு பக்கம் என்று இருந்த அந்தச் சில நிமிடங்களில் நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அந்த அம்மாவைக் காப்பாற்றியது மூத்த சிஸ்டரின் கை. எக்ஸ்ரே மெஷின் வருவதற்குள் அவர் சக்ஷன் கதீட்டரை இறக்கிப் பார்த்தார். பாதியில் நின்றது. டியூபை மாற்றியதும் நெஞ்சு ஏறியது. மாற்றுவதற்கு முன் எடுத்த ரத்த வாயுப் பரிசோதனையில் (ஏபிஜி) கார்பன் டை ஆக்சைடு 80ஐத் தாண்டியிருந்தது. வழக்கமாக 40 இருக்க வேண்டியது. கழற்றிய டியூபின் உள்ளே பொருக்கு அடைந்து, ஒரு பென்சில் முனை நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் காலியாகத் தொங்கிய தண்ணீர் பாட்டிலைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஸாச்சுரேஷன் எப்படி 99லேயே நின்றது என்று கேட்கலாம். அவருக்கு 40 சதவீத ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. நல்ல நுரையீரலுக்கு அவ்வளவு ஆக்சிஜன் கிடைத்தால், மூச்சின் அளவு பாதியானாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாது. வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடுதான் தேங்கும். சாதாரணக் காற்றை மட்டும் சுவாசித்திருந்தால் ஸாச்சுரேஷன் சரிந்து எங்களை எழுப்பியிருக்கும். நாம் கூடுதலாகக் கொடுக்கும் ஆக்சிஜன் ஆபத்தை மறைத்துவிடும். விரலில் மாட்டும் அந்தக் கருவி ஆக்சிஜன் இருக்கிறதா என்று சொல்லும், மூச்சு போதுமா என்று சொல்லாது. அதைச் சொல்வது மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப். மூச்சுவழிச் சிக்கல்கள் பற்றி 2011ல் பிரிட்டனில் வெளியான தேசியத் தணிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நேர்ந்த மரணங்களிலும் நிரந்தர மூளைப் பாதிப்புகளிலும் ஏறக்குறைய முக்கால் பங்கில் அந்தக் கருவி இல்லாததோ, இருந்தும் பயன்படுத்தாததோ ஒரு காரணம் என்றது. அந்த அம்மாவின் படுக்கையில் அது மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆனால் குறைந்துகொண்டே போன டைடல் வால்யூம் இரவு முழுவதும் எழுதி ஒட்டியதுபோல் வென்டிலேட்டர் திரையில் இருந்தது. இல்லாத கருவியின் மேல் பழி போட எனக்கு உரிமையில்லை.

இதில் எதுவும் புதிய அறிவு இல்லை. 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் அன்றைய சுவாசக் கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் கொடுத்தும் வியர்த்து, பிபி ஏறி, மயங்கி இறந்தார்கள். ரத்தத்தில் பைகார்பனேட் கூடியிருந்ததைப் பார்த்த மருத்துவர்கள் அதை வேறொரு கோளாறு என்று நினைத்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன்தான் இது கார்பன் டை ஆக்சைடு தேங்குவது, போதுமான மூச்சு போகவில்லை என்று சொன்னார். தொண்டையில் துளையிட்டு டியூப் போட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்க வைத்தார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் படுக்கையருகே உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்துதான் பிறந்தது என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த மாணவர்களிடம் டைடல் வால்யூம் காட்டும் திரை இல்லை. நோயாளியின் நெஞ்சையும் நிறத்தையும் வியர்வையையும் கண்ணையும் பார்த்தே மூச்சு போதுமா என்று அறிந்தார்கள். எனக்கு அவை அத்தனையும் கிடைத்தன. கூடவே மெஷினும் இருந்தது.

அன்றைய நிகழ்வு "டியூப் திடீரென அடைத்துக்கொண்டது" என்று பதிவானது. என் சார்ட் அப்படித்தானே சொன்னது. திடீரென நடப்பதை யாரும் தடுக்க முடியாது என்பதால் அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் எப்போது தீர்ந்தது, அலாரம் ஏன் அடிக்கவில்லை என்ற கேள்விகள் எழவே இல்லை. பிறகு யாரும் இல்லாத நேரத்தில் வென்டிலேட்டரில் பழைய எண்களைக் கோடாகக் காட்டும் ட்ரெண்ட் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நள்ளிரவிலிருந்து கோடு சீராகக் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தை மூடிவிட்டேன். ஒரு பொய் எண் ஒரு நோயாளியோடு நிற்பதில்லை. இதே காரணத்தால் இன்னொருவருக்கு இதே நடக்காமலிருக்க, எங்கள் பிரிவு கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடத்தையும் நான் பறித்துவிட்டேன்.

அந்த அம்மா அன்று மதியமே கண் விழித்தார். பிறகு தொண்டையில் துளையிட்டார்கள். வாரங்கள் கழித்து வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார். பேச முடிந்த பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். குரல் கரகரவென்று வந்தது. "சிஸ்டர், அன்னிக்கு ராத்திரி மூச்சே பத்தலைன்னு கண்ணால சொல்லிக்கிட்டே இருந்தேன். உங்களுக்குப் புரியல போலிருக்கு" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கொரு வழி விட்டே சொன்னார். "ஆமாம்மா, புரியாமப் போச்சு" என்று அந்த வழியில் நுழைந்துகொண்டேன். அவருடைய வீட்டுக்காரரும் மகளும் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னபோது அதையும் வாங்கிக்கொண்டேன்.

அம்மா, இதை நீங்கள் படிப்பீர்களா என்று தெரியாது. உங்கள் கண் சொன்னது புரியாமல் போகவில்லை. நான் கேட்கவில்லை. அலாரத்தைக் குறைத்தேன், மருந்து கொடுத்து உங்களைப் பேசவிடாமல் செய்தேன், நீங்கள் மூச்சுக்குத் தவித்த மணிகளில் நன்றாக மூச்சு விட்டதாக எழுதினேன். நீங்கள் கேட்டபோது மறுபடியும் பொய் சொன்னேன். மன்னிப்பீர்களா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஏன் எழுதினேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். காலிக் கட்டத்துக்குத் திட்டு விழும், நிரப்பிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பயிற்சிக் காலத்திலிருந்தே அப்படிப் பழகியிருந்தேன். சார்ட் முழுதாக இருந்தால் நோயாளியும் நன்றாக இருக்கிறார் என்று எங்கேயோ நம்பத் தொடங்கியிருந்தேன். அந்த நம்பிக்கையை யாரும் என் மேல் திணிக்கவில்லை. வசதியாக இருந்ததால் வைத்துக்கொண்டேன்.

இப்போது எனக்குக் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் கேட்பது இவ்வளவுதான். அலாரம் அடித்தால் முதலில் நோயாளியைப் பாருங்கள். எல்லையை மாற்றினால் ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். நினைவோடு இருப்பவரிடம் மூச்சு போதுகிறதா என்று ஒவ்வொரு மணிக்கும் கேளுங்கள். பார்க்க முடியாமல் போன மணிக்கான கட்டத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். யார் திட்டினாலும் நான் உங்களுக்காக நிற்கிறேன். அந்தக் கட்டத்தைப் பார்த்தால் அடுத்து வருபவர் சந்தேகப்பட்டு நோயாளியிடம் போவார். நான் நிரப்பி வைத்த நான்கு கட்டங்களும், போக வேண்டிய அவசியமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தன.